மரத்தடி மண்ணுக்கு மருந்தடித்தார்கள்

என் அண்ணனோடு நான் பேசி ஏழு மாதமாகிறது. சொத்துத் தகராறு என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஊசி முனை அளவுகூட இல்லாத ஒரு பூச்சிக்காகப் பேச்சை நிறுத்தினேன் என்று சொன்னால் கல்யாண வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். எங்கள் பகுதி மண்ணுக்குள் வாழும் சிற்றுண்ணிகளைப் பட்டியலிடுவதுதான் ஆய்வு. சிற்றுண்ணி என்பது பாடநூல் சொல். எங்கள் துறையில் எல்லோரும் மைட் என்றுதான் சொல்வோம். மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்கு இவை தூரத்துச் சொந்தம். ஆனால் நான் தேடுகிறவை யாரையும் கடிக்காது, யார் வீட்டுக்குள்ளும் வராது. உதிர்ந்த இலையையும் பூஞ்சணத்தையும் தின்று, மக்கவைத்து, மண்ணை மண்ணாக வைத்திருப்பதுதான் அவற்றின் வேலை. அந்த வேலையை இந்த ஊரில் வேறு யாரும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் மண்ணைத் தேடிப் போவது ஒரு தனிக் கூத்து. பார்க்கும் பக்கமெல்லாம் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மீதி இடத்தில் லாரி. எங்காவது ஒரு வேலியோரம் கைக்கொத்தோடு குனிந்தால் போதும், யாராவது ஓடி வந்துவிடுவார்கள். அருள்புரத்தில் ஒரு வாட்ச்மேன், நான் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். குன்னத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர், பாவம், என்ன உரம் போடலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வரப்பு முழுக்கக் கூடவே நடந்தார். பூச்சி பிடிக்கிறேன் என்று உண்மையைச் சொன்னால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.

பிடிக்கிற முறை எளிதுதான். தகரப் புனலுக்குள் கம்பி வலை வைத்து, அதன் மேல் மண்ணைப் பரப்பி, தலைக்கு மேல் நாற்பது வாட் குண்டு பல்பை எரியவிட வேண்டும். சூடு மேலிருந்து இறங்க இறங்க, பூச்சிகள் ஈரத்தைத் தேடிக் கீழே கீழே போகும். கடைசியில் புனலின் வாயிலிருந்து நழுவி, அடியில் இருக்கும் ஆல்கஹால் குப்பிக்குள் விழும். எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு கிடையாது. குண்டு பல்புக்காக நான் ஏறி இறங்காத கடை இல்லை. கோழிக்குஞ்சுக்குங்களா என்று கேட்டார் ஒரு கடைக்காரர். ஆமாங்க என்று சொல்லி நான்கு பல்பு வாங்கிவந்தேன்.

என் அண்ணன் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். நிட்டிங், கட்டிங், தையல் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கட்டிங் ஷெட்டுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, வெட்டாமல் விட்ட ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த சில குடும்பங்கள் அதை வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். கல்லைச் சுற்றி விழும் சருகை அவர்கள் கூட்டுவதில்லை, அது அம்மனுடையது. அந்தக் காம்பவுண்டிலேயே விளக்குமாறு படாத இடம் அது ஒன்றுதான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டவர் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முதல் தடவை நான் கைக்கொத்தோடு போனபோது, மரத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். முதலாளியின் தங்கை என்பதெல்லாம் அவரிடம் செல்லவில்லை. சாமி மண்ணை எடுத்துப்போய் பல்பில் வாட்டுவேன் என்று சொன்னதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு கை மண் எடுக்கலாம்; வேலை முடிந்ததும் அதே மண்ணைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டுவிட வேண்டும். கடைசிவரை நான் அதைத் தவறவில்லை. இந்தக் கதையில் நான் தவறாத ஒரே விஷயம் அதுதான்.

அந்த ஒரு கை மண்ணில் இரண்டு பூச்சிகள் விழுந்தன. கரும்பழுப்பு நிறம், கெட்டியான பளபளப்பான ஓடு. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த எதிலும் அவை சேரவில்லை. படம் எடுத்து என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் கஞ்சத்தனமாகப் பேசுகிறவர். அன்று மட்டும் அவரே போன் செய்தார். தென்கடலோரத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டில் மட்டும் இருப்பதாகப் பதிவான இனம் அது. கொங்குப் பகுதியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கூடவே ஒரு கொக்கியும் போட்டார். இரண்டே இரண்டு வளர்ந்த பூச்சிகள் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், லாரி டயரில்கூட. இங்கே வாழ்கிறது, பெருகுகிறது என்று நிறுவ வேண்டுமானால் குஞ்சுகள் வேண்டும். ஓடு கட்டாத, வெள்ளையான இளம் பூச்சிகள். மழைக்குப் பிறகு எடுத்துப் பார்க்கச் சொன்னார். குஞ்சுகள் கிடைத்தால், எந்த ஊர், எந்த மரம் என்று துல்லியமாக எழுதினால், அது புதிய பகுதியில் முதல் பதிவு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் வதந்தி. ஆறு வருடம் பூச்சி பொறுக்கியதில் எனக்கென்று சொல்லிக்கொள்ள வாய்த்தது அந்த ஒன்றுதான். ஐப்பசி மழைக்காக நான் காத்திருந்ததுபோல எந்த விவசாயியும் காத்திருந்திருக்க மாட்டான்.

தேரிக்காட்டுப் பூச்சி நெருப்பெரிச்சலுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் அந்த ஓவர்லாக் பெண்தான். மண்ணைத் திருப்பிப் போடப் போன அன்று, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். புதுக் குடும்பமாகப் பிழைக்க வந்தபோது, தேரிக்காட்டிலிருக்கும் ஊர்க் கோயிலில் உத்தரவு கேட்டு, அம்மன் காலடியிலிருந்து ஒரு பிடிமண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்களாம். அந்த மண்ணைப் போட்டு, அதன் மேல்தான் கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். என் அப்பா உயிரோடு இருந்து கம்பெனியை நடத்திய காலம் அது. அவர்தான் அந்த மூலையைக் கொடுத்திருக்கிறார். ஊரை விட்டு வருகிறவர்கள் சாமியைக் கூட்டிவருகிற வழக்கம் இது. சாமியோடு இந்தப் பூச்சியும் வந்திருக்கிறது. வந்து, வேப்பஞ்சருகைத் தின்று, இத்தனை வருடம் பிழைத்திருக்கிறது. அன்று நான் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் என்பதைவிட, மிதந்துகொண்டு வந்தேன் என்று சொல்லலாம்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் வாயைத்தான் ஊசி நூல் வைத்துத் தைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி, பெரியவர்கள், சின்னவர்கள் எல்லோரும் இருந்தோம். வழக்கம்போல என் ஆராய்ச்சியைப் பற்றிக் கிண்டல் ஆரம்பித்தது. அம்மிணி இன்னும் பூச்சி பிடிச்சுட்டுத்தான் இருக்குதா என்று. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கொங்கு நாட்டிலேயே எங்கும் இல்லாத ஒரு மைட் உங்கள் கம்பெனிக்குள் இருக்கிறது என்று தம்பட்டம் அடித்தேன். பிடிமண் கதையையும் சொன்னேன். அண்ணன் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, மைட்ஸா என்று ஒரு தரம் கேட்டார். ஆமாங்கண்ணா, மைட்ஸ்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பெருமைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பனியன் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பூச்சி என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பதை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான் மறந்தது மன்னிக்க முடியாத முட்டாள்தனம். ஒரு முறை வெளிநாட்டில் இறங்கிய அட்டைப்பெட்டிக்குள், மடித்த டி-ஷர்ட்டின் மேல், கரப்பான்பூச்சியின் ஒற்றைக் கால் கிடந்தது என்று அங்கே சரக்கு வாங்கும் பையரிடமிருந்து போட்டோ வந்தது. அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், உங்கள் காம்பவுண்டில் மைட்ஸ் இருக்கிறது என்று சோற்றுக்கு நடுவில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் காதில் மைட்ஸ் என்பது துணியில் ஏறுகிற, அரிப்புத் தருகிற, ஷிப்மெண்டைத் திருப்பி அனுப்பவைக்கிற ஒன்று. மண்ணில் இருப்பது வேறு, மெத்தையில் இருப்பது வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பைகளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கட்டிங் ஷெட்டைத் தாண்டும்போதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. வேப்பமரத்தைச் சுற்றிச் சருகு இல்லை. மண் இல்லை. அடிமரத்தை ஒட்டிச் சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் கல் பதித்திருந்தார்கள். கல் இடுக்குகளில், இரண்டு நாள் மழைக்கும் போகாமல், மருந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அம்மன் கல்லை எடுத்து வாட்ச்மேன் அறை ஜன்னலில், ரிஜிஸ்டர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மூன்று நாளைக்கு முன்னாலேயே முடிந்துவிட்ட வேலை. எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும்.

ஆபீஸுக்குள் போய் அண்ணன் முன்னால் நின்றேன். அவர் பதறவில்லை. உட்காரச் சொன்னார்.

"நீதான கண்ணு சொன்ன, மைட்ஸ் இருக்குதுன்னு. அடுத்த வாரம் பையரோட ஆளுக கம்பெனியப் பாக்க ஆடிட் வர்றாங்க. நல்லவேளை, முன்னாலயே சொன்ன."

எனக்கு நன்றி சொல்கிறார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"அது துணியத் தொடாதுங்கண்ணா. மண்ண உட்டு வெளிய வந்தாலே செத்துப்போயிருமுங்க. ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"உனக்குத் தெரியுது. பையருக்கு யாரு அம்மிணி போய்ப் பாடம் எடுக்கறது?"

அதற்கு மேல் நான் பேசியதை எழுதினால் அச்சேறாது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கட்டிங் மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மரத்தடியைக் காப்பாற்றத் துப்பில்லாதவர்கள், வருடத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கன்று கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களே என்று கத்தினேன். அப்பா கொடுத்த இடத்தைப் பிடுங்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். அண்ணன் போனில் யாருக்கோ ஹிந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்ணனைத் திட்டிய வேகத்தில், அந்த ஓவர்லாக் பெண் எங்கே என்று நான் அன்று விசாரிக்கவே இல்லை. என் குஞ்சுகள், என் பதிவு, என் ஆறு வருடம் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கல்லை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணனுக்கு நான் வைத்த பெயர்களில் ஒன்றிரண்டு எனக்கும் பொருந்தும்.

மாசி மாதம் அவரைத் தேடிப் போனேன். கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் அடியில், மஞ்சள் பூசி, அதே கல்.

என்னைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, வெட்கமில்லாமல் என் கண் ஜன்னல் வழியாக அந்த மரத்தடிக்கே போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார். மருந்தடிக்கிறவர்கள் வந்த அன்று காலை என்ன நடந்தது என்று அவராகவே சொன்னார். பத்து நிமிடம் பொறுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சியிருக்கிறார். மண்ணை எடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. டிபன் டப்பாவிலிருந்த சோற்றை வெளியே நாய்க்குக் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து, அது நிறைய மரத்தடி மண்ணை அள்ளிக்கொண்டாராம். ஊரிலிருந்து வந்த பிடிமண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கல்லை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இங்கே வந்து மறுபடி மண்ணைப் போட்டு, கல்லை நிறுத்தியிருக்கிறார். தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறார்.

ஒரு கை மண், பழையபடி திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். இந்த முறை கட்டாயம் எழுதிவிடலாம், உங்கள் அம்மனின் மண் புத்தகத்தில் வரும் என்றுகூட ஆசை காட்டினேன். அவர் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எழுதுனா, எந்த எடம்னும் எழுதுவீயள்லா மேடம்?"

"ஆமாங்க. எழுதியே ஆகோணும். எடம் இல்லாம அது செல்லாதுங்க."

"இந்த லைன் வீடும் ஒரு கம்பெனிக்காரருதுதான். இங்கயும் ஆடிட்னு வந்து பாத்துட்டுப் போறாவ. நீங்க எழுதுனதப் பாத்து மறுபடியும் மருந்தோட வருவாவ. நான் எத்தன தடவதான் சோத்தக் கொட்டிட்டு மண்ணு அள்ளுவேன், சொல்லுங்க."

ஆய்வுக் கட்டுரையை எந்தக் கம்பெனிக்காரர் படிக்கப்போகிறார் என்று சொல்லலாம்தான். ஆனால் முதல் தடவை கட்டுரை வந்தா கெட்டது? என் வாயால்தானே கெட்டது. அவர் எழுந்து போய், புங்கமரத்தடியில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு பிடி மண்ணை அள்ளி என் பையில் போட்டார்.

"பாத்துக்கிடுங்க. ஊர் பேர மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீய."

சரி என்றேன். அது எந்த ஊர் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

அந்த மண்ணைப் புனலில் போட்டு, குண்டு பல்பை எரியவிட்டு, ஐந்து நாள் காத்திருந்தேன். ஆறாவது நாள் குப்பியை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். கரும்பழுப்பாக மூன்று. அவற்றின் பக்கத்தில், ஓடு கட்டாமல், பால்வெள்ளையாக, ஒன்று, இரண்டு, நான்கு குஞ்சுகள். வேறு வேறு பருவத்தில். ஒரு முறை மருந்துக்குத் தப்பி, டிபன் டப்பாவில் பயணம் போய், புது மரத்தடியில் பிள்ளை பெற்றிருக்கிறது. இரண்டு ஊர் மண்ணிலும் பிழைத்த ஜீவன். இதைவிடத் துல்லியமான நிரூபணம் எவனுக்குக் கிடைக்கும்? மேஜையில் தலை வைத்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. வயிற்றெரிச்சலில். காய்ந்த மண்ணை மறுநாளே கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன்.

யார் மேல் கோபப்படுவது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் மேல் ஒரு துளி கோபம்கூட வரவில்லை. அவர் கேட்டது நியாயம். பூச்சி இல்லாத மண்ணையும், சாமி இல்லாத மரத்தையும், கறை இல்லாத தரையையும் எங்கிருந்தோ உட்கார்ந்து கேட்கிறார்களே, அவர்கள் மேல் வந்தது. கேட்டதற்கு மேல் செய்துகொடுக்கிற எங்கள் ஆட்கள் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை என்று அண்ணி தூது அனுப்புகிறார். தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. நல்ல மனிதர் ஒருவர், நல்லது செய்கிறோம் என்று நம்பி, தங்கைக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு செய்தார். அதற்கு நான் என்ன செய்வது?

போன வாரம் பேராசிரியர் போன் செய்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. இனங்களின் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தோம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, அந்தத் தேரி மைட் என்னாயிற்று, குஞ்சு கிடைத்ததா என்று கேட்டார்.

குஞ்சுகள் அப்போது என் கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணாடித் தகட்டில் இருந்தன.

"இல்லைங்க சார்," என்றேன்.

அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு, சந்தேகமான இரண்டை வைத்துக்கொண்டு ஆய்வேட்டைக் கெடுக்க வேண்டாம், கொங்குப் பகுதிப் பதிவை எடுத்துவிடுங்கள் என்றார். போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரில் அந்த வரிக்குப் போனேன். கொங்குப் பகுதி என்ற தலைப்பின் கீழே, அந்தப் பூச்சியின் பெயருக்கு நேராக, 'இல்லை' என்று என் கையாலேயே அடித்தேன்.